தான் காணாத கோவிலைக் கட்டிய அர்ச். பிரிஜித்தம்மாள்

ஜூலை மாதம் 23-ந் தேதி திருச்சபை அர்ச். பிரிஜித்தம்மாளின் திருநாளைக் கொண்டாடுகிறது. 1969-ல் திருநாட்களின் பட்டியல் திருத்தப்படும் வரை அக்டோபர் 8-ந் தேதி கொண்டாடப்பட்ட திருநாள் இது. இப்பெயர் நம் வீடுகளுக்குப் புதிதன்று. இவருடைய பெயரால் வழங்கும் பதினைந்து செபங்களை நம் பாட்டிமார் சிறு புத்தகமாக வைத்துத் தினமும் வாசித்து வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஆயினும் இவர் யார், எந்த நாட்டவர், என்ன செய்தார் என்று கேட்டால் நம்மில் பலர் திகைத்து நிற்போம். சிலர் இவரை அயர்லாந்து தேசத்து அர்ச். பிரிஜித்தம்மாளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதும் உண்டு. அவர் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தியவர்; கன்னிகை. நாம் இங்கே பேசும் பிரிஜித்தம்மாளோ சுவீடன் தேசத்தவர்; மனைவி, எட்டுப் பிள்ளைகளின் தாய், பிறகு விதவை. ஒரு சபையை நிறுவி, ஒரு கோவிலின் அமைப்பை மனதில் வரைந்து, அதைக் கண்ணால் காணாமலே மரித்தவர். அந்தக் கோவிலின் கதையோடு சேர்த்தே அவருடைய சரித்திரத்தை இவ்வாரம் சொல்லப் பார்க்கிறேன்.

பிறப்பும் இல்லறமும்

சுவீடனின் தென்பாகத்தில் லின்ஷோப்பிங் என்னும் பட்டணம் இருக்கிறது. அதற்கு மேற்கே வேத்தர்ன் என்னும் பெரிய ஏரி. பட்டணத்துக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறம் பழைய கோவில்களால் நிறைந்தது. இப்பிரதேசத்திலேதான் பிரிஜித்தம்மாள் தம் வாழ்நாளில் பாதியைக் கழித்தார்.

அவர் பிறந்தது 1303-ல், வடக்கே உப்லாந்து நாட்டிலுள்ள பின்ஸ்தா என்னும் பண்ணை மாளிகையில். தகப்பனார் பீர்கர் என்பவர் அந்நாட்டின் சட்டத் தலைவர். அதாவது வழக்குகளைத் தீர்த்து, சட்டத்தைக் காத்து, அரசனுக்கு ஆலோசனை சொல்லும் பெரும் பதவியிலிருந்தவர். தாய் தகப்பன் இருவரும் பக்தியுள்ளவர்கள். அவர்களுடைய கல்லறையை உப்சாலா நகரத்து மேற்றிராசனக் கோவிலில் இன்றும் காணலாம். பிரிஜித்தம்மாளுக்குப் பதினொரு வயது நடக்கையில் தாய் இறந்துபோனார். தகப்பனார் பெண்ணை லின்ஷோப்பிங் மேற்றிராசனத்திலுள்ள அத்தையம்மாள் வீட்டிற்கு அனுப்பிவைத்தார். இவ்விதமாகத் தாயற்ற பிள்ளையாக அவர் அந்த ஏரிக்கரை நாட்டிற்கு வந்துசேர்ந்தார்.

அக்கால வழக்கப்படி 1316-ல், பதின்மூன்றாம் வயதில், உல்ஃப் என்னும் பிரபுவுக்கு அவரை மணமுடித்துக் கொடுத்தார்கள். உல்ஃபும் பிற்காலத்தில் ஒரு நாட்டின் சட்டத் தலைவரானார். போரென் ஏரிக்கரையிலுள்ள உல்வோசா மாளிகை அவர்களுடைய வீடாயிற்று. நான்கு ஆண், நான்கு பெண் ஆக எட்டுப் பிள்ளைகள். பிரிஜித்தம்மாள் பெரிய வீட்டு எஜமானியாயிருந்தும் ஏழைகளையும் நோயாளிகளையும் தேடிச் சென்று பணிவிடை செய்தார். பிள்ளைகளுக்கு ஞானப் பாடத்தை மற்றவரிடம் விட்டுவிடாமல் தாமே கவனித்தார். மக்களுக்குக் கல்வி கற்பிக்க நீல்ஸ் ஹெர்மன்சன் என்னும் இளைஞர் ஒருவரை அமர்த்தினார். இப்பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் மறுபடியும் இவரைச் சந்திப்போம்.

1335-ம் ஆண்டளவில் மாக்னுஸ் அரசனும் அவனுடைய இளம் இராணி பிளாங்காவும் பிரிஜித்தம்மாளை அரண்மனைக்கு அழைத்து, இராணிக்குத் துணையாகவும் அந்தப்புரத்து மேற்பார்வைக்காகவும் வைத்துக்கொண்டார்கள். அவர் அங்கே வாய்மூடியிருக்கவில்லை. ஆடம்பரத்தையும், குடிகள் மீது சுமத்தப்பட்ட வரிச்சுமையையும் அரசன் முகத்துக்கு நேரே கண்டித்தார். கேட்டபோது அரசன் தலையசைத்தான். பிறகு பழையபடியே நடந்தான். அரண்மனையில் உள்ளவர்கள் அவரைப் பரிகாசம் செய்தார்கள்.

ஆல்வாஸ்த்ரா மடமும் ஒரு கணையாழியும்

இல்லறத்தாராயிருந்தபோதே கணவனும் மனைவியும் நீண்ட திருயாத்திரைகள் போனார்கள். 1339-ல் நோர்வே தேசத்திலுள்ள அர்ச். ஓலாவ் அரசருடைய கல்லறைக்குச் சென்றார்கள். 1341-ல் ஸ்பெயின் தேசத்திலுள்ள கொம்பொஸ்தெல்லா நகரத்துச் சந்தியாகப்பர் கோவிலுக்குப் புறப்பட்டார்கள். திரும்பி வரும் வழியில், அராஸ் என்னும் ஊரில், உல்ஃப் கடும் நோயில் விழுந்தார். பிழைக்கமாட்டார் என்றிருந்த நிலையில் தேவ கிருபையால் எழுந்தார். மீதியுள்ள நாட்களை இருவரும் சர்வேசுரனுக்கே ஒப்புக்கொடுப்பதென்று தீர்மானித்து ஊர் திரும்பினார்கள். உல்ஃப் ஆல்வாஸ்த்ரா மடத்துக்குப் போனார். அங்கேயே 1344-ல் பாக்கியமான மரணம் அடைந்தார்.

ஆல்வாஸ்த்ரா, வேத்தர்ன் ஏரிக்கருகே ஓம்பெர்க் குன்றின் அடியில் இருந்த சிஸ்தர்சியன் சந்நியாசிகளின் மடம். 1143-ல் அர்ச். பெர்நார்துவின் கிளேர்வோ மடத்திலிருந்து வந்த துறவிகள் அதை நிறுவினார்கள். சுவீடனில் அச்சபையாரின் முதல் மடங்களில் ஒன்று அது. அச்சபையார் கோவில் கட்டும் முறைக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. உயர்ந்த கற்கோபுரம் கூடாது. கண்ணைக் கவரும் சிற்பங்கள் கூடாது. நன்றாகச் செதுக்கிய கல், நேரான சுவர், வெளிச்சம், அமைதி, இவையே போதும். செபிக்க வந்தவனுடைய கண் அங்குமிங்கும் அலையக்கூடாது என்பது அதன் கருத்து. பிரிஜித்தம்மாள் கணவர் இறந்தபின் சில ஆண்டுகள் இம்மடத்தின் அருகிலே ஒரு வீட்டில் தங்கி, இந்த எளிய கோவிலில் தினமும் பூசை கண்டு, செப தபத்தில் காலம் கழித்தார்.

உல்ஃபை அடக்கம் செய்த சில நாட்களுக்குள் அவர் ஒரு காரியம் செய்தார். கணவர் சாகும் தறுவாயில் தம் விரலில் அணிவித்த கணையாழியைக் கழற்றிவிட்டார். கண்டவர்கள் இடறலடைந்தார்கள், கணவன் மீது அன்பில்லாதவள் என்று முணுமுணுத்தார்கள். அவரோ, கணையாழி தம் இருதயத்தை இவ்வுலகத்துக்கு இழுக்கும் பாரமாயிருந்ததென்றும், கணவரை அடக்கம் செய்தபோதே உலக ஆசையையும் கூடப் புதைத்துவிட்டதாகவும் விளக்கினார். உல்ஃபை அவர் உயிராக நேசித்தவர் என்பதை அறிந்தால்தான் அந்தச் செய்கையின் விலை நமக்குத் தெரியும்.

லின்ஷோப்பிங் மேற்றிராசனக் கோவில்

இக்காலத்தில்தான் ஆண்டவர் அவருக்குக் காட்சிகளை அடிக்கடி அருளலானார். பிரிஜித்தம்மாள் தாமாக அவற்றை நம்பிவிடவில்லை. வேதசாஸ்திரிகளிடம் ஒப்படைத்துச் சோதிக்கச் சொன்னார். அவருடைய ஆத்தும குருவாயிருந்த மத்தியாஸ் என்பவர் லின்ஷோப்பிங் மேற்றிராசனக் கோவிலைச் சேர்ந்த குரு, மிகுந்த கல்விமான். ஆல்வாஸ்த்ரா மடத்துப் பேதுரு என்னும் சந்நியாசி, அவர் சுவீடிய மொழியில் சொன்னவற்றை இலத்தீனில் எழுதிவந்தார்.

அந்த மேற்றிராசனக் கோவிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 13-ம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடங்கி, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பகுதி பகுதியாகக் கட்டப்பட்டது. சாதாரணமாகப் பெரிய கோவில்களில் நடு மண்டபம் உயரமாயும் இரு பக்க மண்டபங்கள் தாழ்வாயும் இருக்கும். இங்கேயோ மூன்றும் ஒரே உயரம். அதனால் உள்ளே நுழைகிறவனுக்கு வரிசை வரிசையாகக் கல்தூண்கள் எழும்பி, ஒரே விசாலமான கூடத்தைத் தாங்குவதுபோலத் தோன்றும். பீடத்தைச் சுற்றியுள்ள பகுதியை 15-ம் நூற்றாண்டில் ஜெர்மனி தேசத்துக் கொலோன் நகரத்திலிருந்து வந்த கேர்லாக் என்னும் கல்தச்சத் தலைவர் வேலை செய்தார். இன்று தூரத்திலிருந்தே தெரியும் 107 மீட்டர் உயரமுள்ள கோபுரம் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைக்கப்பட்டது. பிரிஜித்தம்மாள் காலத்தில் அது இல்லை. ஆயினும் அப்போதே அது நாட்டின் பெருமையாக எழும்பிக்கொண்டிருந்த கோவில். அதன் அழகை அறிந்த ஒருவர், தாம் ஒரு கோவில் கட்ட நினைத்தபோது என்ன கேட்டார் என்பதைப் பார்ப்போம்.

எளிமை, தாழ்மை, உறுதி

ஒரு புதிய சபையை நிறுவும்படி ஆண்டவர் தமக்குக் கட்டளையிட்டதாகப் பிரிஜித்தம்மாள் அறிவித்தார். 1346-ல் மாக்னுஸ் அரசனும் பிளாங்கா இராணியும், வேத்தர்ன் ஏரிக்கரையில் வாட்ஸ்தேனா என்னும் ஊரிலிருந்த தங்கள் அரண்மனையையும் நிலத்தையும் அதற்கென்று எழுதிவைத்தார்கள். பரிகாசம் நடந்த அரண்மனையின் எஜமானனே தன் அரண்மனைகளில் ஒன்றைக் கொடுத்ததைக் கவனியுங்கள். அரசர் விருந்துண்ட அந்தச் செங்கல் மாளிகை பிறகு கன்னியர் மடமாயிற்று.

அச்சபையின் ஒழுங்கு விசேஷமானது. 60 கன்னியர், 13 குருக்கள், 4 தியாக்கோன்மார், 8 துறவறச் சகோதரர், ஆக 85 பேர். அர்ச். சின்னப்பரைச் சேர்த்து அப்போஸ்தலர் 13 பேர், ஆண்டவர் அனுப்பிய சீடர் 72 பேர். இவர்களுடைய தொகையே 85. கன்னியர் மடம் ஒரு பக்கம், குருக்கள் மடம் மறு பக்கம், நடுவே கோவில். இரு பகுதியாரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே கோவிலில் சர்வேசுரனைத் துதிக்கவேண்டும். உலகக் காரியங்களில் முழு மடத்துக்கும் தலைவி, தேவமாதாவின் ஸ்தானத்தில் நிற்கும் தாய். ஞானக் காரியங்களில் பொது ஆத்தும குரு. கன்னியருடைய கறுப்பு முக்காட்டின்மேல் வெள்ளைத் துணியால் ஒரு முடி. அதில் ஐந்து சிவப்புப் புள்ளிகள். நம் ஆண்டவருடைய ஐந்து திருக்காயங்களுக்கு அடையாளம். தனக்கென்று காசு வைத்துக்கொள்ளக்கூடாது. ஆனால் படிப்பதற்கு வேண்டிய புத்தகங்கள் எத்தனையும் வைத்துக்கொள்ளலாம். இதனால் வாட்ஸ்தேனாவின் புத்தகசாலை வடநாடுகளிலே பேர்பெற்றதாயிற்று; அதன் ஏடுகள் பல இன்றும் உப்சாலா சர்வகலாசாலையில் இருக்கின்றன.

கோவிலுக்கும் அவர் அமைப்பைச் சொல்லிவிட்டுப் போனார். அதன் வேலைப்பாடு எளிமையாயும் தாழ்மையாயும் உறுதியாயும் இருக்கவேண்டும். இதுவே அவருடைய கட்டளையின் சாரம். மூன்று மண்டபங்களும் சம உயரம். எண்பட்டைக் கல்தூண்கள். பிரதான பீடம் வழக்கம்போலக் கிழக்கே அல்ல, மேற்கே, ஏரியைப் பார்த்த பக்கத்தில். குருக்களின் பாடகர் இடமும் அங்கேயே. கிழக்கே தேவமாதாவின் பீடம். கன்னியருக்கு மக்கள் தலைக்கு மேலே உயர்த்திய மேடை. யாத்திரைக்காரர் வந்து நின்று பிரசங்கம் கேட்க விசாலமான தரை. பெருமைக்கென்று ஒரு கல்லும் கிடையாது. உறுதியைமட்டும் அவர் குறைக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். எளிமை என்றால் மட்டமான வேலை என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அவர் அப்படி நினைக்கவில்லை. சர்வேசுரனுக்குக் கட்டுவது நிலைத்து நிற்கவேண்டும். மனிதனுடைய வீம்புக்குக் கட்டுவது தேவையில்லை.

உரோமையில் இருபத்துநாலு ஆண்டு

சபைக்குப் பாப்பரசரின் அனுமதி வேண்டும். அப்போது பாப்பரசர்கள் உரோமையில் இல்லை. பிரான்சு தேசத்து அவிஞ்ஞோன் நகரத்தில் வசித்தார்கள். ஆறாம் கிளமெந்து பாப்பரசருக்குப் பிரிஜித்தம்மாள் ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தார்: பாப்பரசர் உரோமைக்குத் திரும்பவேண்டும், இங்கிலாந்து அரசனுக்கும் பிரான்சு அரசனுக்கும் நடக்கும் யுத்தத்தை நிறுத்தச் சமாதானம் பேசவேண்டும் என்று. பயன் இல்லை. 1349-ல், கொள்ளைநோய் ஐரோப்பா முழுவதையும் வாரிக்கொண்டுபோன நாட்களில், அவர் உரோமைக்குப் புறப்பட்டார். 1350-ம் ஆண்டு ஜூபிலியில் பங்குபற்றி, பாப்பரசர் வருகிறவரையில் அங்கேயே காத்திருப்பது என்று தீர்மானித்தார். நாற்பத்தாறு வயது அவருக்கு. பிறந்த நாட்டை அவர் மறுபடியும் காணவில்லை.

மகள் கத்தரீனம்மாள் தாயைத் தேடி உரோமைக்கு வந்தார். வந்த இடத்தில், தம் கணவர் சுவீடனில் இறந்த செய்தி கிடைத்தது. அதன்பின் தாயும் மகளும் பிரிந்திருந்தது அபூர்வம். பாழடைந்த உரோமையில் அவர்கள் கோவில் கோவிலாக நடந்தார்கள், நோயாளிகளைக் கவனித்தார்கள், சுவீடனிலிருந்து வந்த யாத்திரைக்காரருக்கு இடம் கொடுத்தார்கள். கைப்பணம் தீர்ந்து கடன்பட்ட காலமும் உண்டு. கோவில் வாசலில் ஏழைகளோடு உட்கார்ந்து, பிரபுவின் மகளாகிய அவர் பிச்சை கேட்டார் என்றும் சொல்லுவார்கள். நகருக்கு வெளியே அர்ச். சின்னப்பர் பேராலயத்தில் அவர் முழங்காலிலிருந்து செபித்த பாடுபட்ட சுரூபம், 1823-ல் அக்கோவில் தீப்பிடித்தபோதும் அழியாமல் தப்பி இன்றுவரை இருக்கிறது.

1367-ல் ஐந்தாம் உர்பன் பாப்பரசர் உரோமைக்குத் திரும்பினார். பிரிஜித்தம்மாளின் காத்திருப்பு முடிந்ததென்று எல்லோரும் நினைத்தார்கள். 1370-ல் பாப்பரசர் அவருடைய சபை ஒழுங்கை, அர்ச். அகுஸ்தீனார் ஒழுங்கின் கீழ் வைத்து, அங்கீகரித்தார். ஆனால் அதே ஆண்டில் அவர் அவிஞ்ஞோனுக்குத் திரும்ப ஆயத்தமானார். தமக்கு வேண்டிய அனுமதியைக் கொடுத்தவரிடமே பிரிஜித்தம்மாள் போய், திரும்பினால் சீக்கிரம் மரணம் வரும் என்று எச்சரித்தார். காரியம் முடிந்தது, வாயை மூடிக்கொள்வோம் என்று அவர் நினைக்கவில்லை. பாப்பரசர் போனார், அவ்வாண்டு டிசம்பர் 19-ந் தேதி மரித்தார். பாப்பரசரைக் கண்டித்தபோதும் பாப்பரசரின் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதலைப் பிரிஜித்தம்மாள் ஒருநாளும் விடவில்லை. அவர் கேட்ட மன்றாட்டு, அவர் இறந்தபின் 1377-ல், பதினோராம் கிரகோரியார் உரோமையில் காலெடுத்துவைத்தபோது நிறைவேறிற்று.

ஒரு தாயின் கண்ணீர்

மக்களுக்குள் கார்ல் என்பவரைப் பற்றியே அவருக்கு மிகுந்த கவலை. தைரியசாலி, தாராளகுணத்தவர், ஆனால் உலக ஆசையில் ஆழ்ந்தவர். தாய் எருசலேம் யாத்திரை புறப்பட்டபோது கார்லும் உடன்வந்தார். வழியில், 1372 மார்ச்சு மாதம், நேப்பிள்ஸ் நகரத்தில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். மகனை அடக்கம் செய்துவிட்டுத் தாய் கப்பலேறினார்.

பிறகு தாம் கண்ட ஒரு காட்சியை அவர் விவரித்தார். கார்லுடைய ஆத்துமம் நியாயத்தீர்வையில் நிற்கிறது. பசாசு தன் பங்கைக் கேட்கிறது. ஆனால் அவனுடைய பாவக் கணக்கை எடுத்து வாசிக்கப் பார்த்தால், எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. தாயின் நீண்டகால செபமும் கண்ணீரும் அதைக் கழுவிவிட்டன. தேவமாதா அந்த ஆத்துமத்தைக் காத்துநின்றார். கெட்ட வழியில் போன மகனுக்காகவோ மகளுக்காகவோ இந்தப் பங்கிலே எத்தனை தாய்மார் இரவில் செபமாலையோடு விழித்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே இதை எழுதினேன். செபம் உடனே பலன் தராததுபோலத் தோன்றலாம். அது வீணாவதில்லை.

பெத்லேகேமில் அவர் கண்ட காட்சி நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. தேவமாதா குழந்தையைப் பெற்றவுடன் முழங்காலிலிருந்து, தரையில் கிடக்கும் திருப்பாலனை ஆராதிப்பதாக அவர் கண்டார். அதற்கு முந்திய சித்திரங்களில் தேவமாதா பெரும்பாலும் படுக்கையில் சாய்ந்திருப்பார். பிரிஜித்தம்மாளின் விவரிப்பு பரவியபின் ஐரோப்பியச் சித்திரக்காரர் முழங்காற்படியிட்ட தாயையே அதிகமாக வரையத் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸ் குடிலில் நாம் வைக்கும் தேவமாதாவின் சுரூபம் கைகூப்பி முழங்காலில் இருப்பதற்கு இந்த விதவையின் காட்சியும் ஒரு காரணம்.

1373-ல் களைத்து நோயுற்று உரோமைக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஜூலை 23-ந் தேதி, தம் சிறு அறையில், மகள் அருகிலிருக்க, ஆத்துமத்தைச் சர்வேசுரன் கையில் ஒப்படைத்தார். வாட்ஸ்தேனாவில் ஒருநாளாவது அவர் சபைக் கன்னியரோடு பாடியதில்லை. அந்தக் கோவிலின் பீடத்தை அவர் பார்த்ததுமில்லை.

விதைத்தவர்களும் அறுத்தவர்களும்

கத்தரீனம்மாள் தாயின் எலும்புகளைச் சுமந்து, நீண்ட வழி நடந்து, 1374-ல் வாட்ஸ்தேனாவுக்குக் கொண்டுவந்தார். உடனே உரோமைக்குத் திரும்பி, தாய்க்கு அர்ச்சியசிஷ்டப் பட்டமும் சபைக்கு உறுதிப்பாடும் கேட்டு ஐந்தாண்டு உழைத்தார். 1381-ல் வாட்ஸ்தேனாவில் இறந்தார். மடம் முறையாகத் திறக்கப்பட்டது 1384-ல். அவரும் அதைப் பார்க்கவில்லை. திறந்துவைத்தவர் யார்? அப்போது லின்ஷோப்பிங் மேற்றிராணியாராயிருந்த நீல்ஸ் ஹெர்மன்சன். பிரிஜித்தம்மாளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்த அதே நீல்ஸ். அவர் 1391 மே மாதம் காலமானார். அவ்வாண்டு அக்டோபர் 7-ந் தேதி ஒன்பதாம் போனிபாஸ் பாப்பரசர் பிரிஜித்தம்மாளுக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தார். கோவில் முழுவதும் முடிந்து மந்திரிக்கப்பட்டது 1430-ல். மடத்துக்கு உபகாரியாயிருந்த பிலிப்பா இராணி அவ்வாண்டு ஜனவரியில் இறந்து அக்கோவிலிலே அடக்கம் செய்யப்பட்டார். அரசன் நிலத்தை எழுதிவைத்ததிலிருந்து 84 ஆண்டுகள்! தொடங்கியவர்களில் ஒருவர்கூட முடிவைப் பார்க்கவில்லை. சமாரியா நாட்டு வயல்களைக் காட்டி நம் ஆண்டவர் சீடர்களுக்குப் போதித்த பாடம் இதுவே அல்லவா?

இன்றும் அந்தக் கோவில் ஏரிக்கரையில் நிற்கிறது. நீலம் கலந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லால் ஆனதால் ஊரார் அதை நீலக் கோவில் என்று அழைப்பார்கள். பெரிய கோபுரம் இல்லை. உள்ளே போனால் வெறுமையான கல்தூண்கள், அவற்றின்மேல் நட்சத்திரம்போல விரியும் செங்கல் வளைவுகள், வெளிச்சம். அவ்வளவே. தாழ்மையும் உறுதியும் ஒரே சுவரில் இருக்கமுடியும் என்பதற்கு அது சாட்சி.

அழிவும் உயிர்ப்பும்

16-ம் நூற்றாண்டில் சுவீடன் அரசர்கள் திருச்சபையை விட்டுப் பிரிந்தார்கள். மடங்களின் சொத்து அரசனுக்குப் போயிற்று. ஆல்வாஸ்த்ரா பாழாக்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டைகள் கட்ட எடுத்துச் செல்லப்பட்டன. இன்று புல்வெளியில் சில வளைவுகளும் சுவர்களுமே மிச்சம். லின்ஷோப்பிங் மேற்றிராசனக் கோவில் லூத்தரன் சபையாரின் கைக்குப் போயிற்று. வாட்ஸ்தேனாக் கன்னியர் வறுமையில் நெடுங்காலம் தாக்குப்பிடித்தார்கள். 1595-ல் அவர்களுடைய மடமும் மூடப்பட்டது.

இன்னுமொரு சோதனை நம் காலத்தில் வந்தது. வாட்ஸ்தேனாவிலுள்ள பேழையில், தாயுடையதும் மகளுடையதும் என்று போற்றப்பட்டுவந்த இரண்டு மண்டையோடுகளை உப்சாலா சாஸ்திரிகள் ஆராய்ந்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டும் தாயும் மகளுமானவர்களுடையவை அல்ல. அவற்றின் காலமும் பிரிஜித்தம்மாள், கத்தரீனம்மாள் காலத்தோடு ஒத்துவரவில்லை. இதைக் கேட்டுச் சிலர் கலங்கலாம். கலங்கவேண்டாம். திருப்பண்டங்களை நாம் வணங்குவது அர்ச்சியசிஷ்டவர்கள் மீதுள்ள மரியாதையால். நம் விசுவாசத்தின் அஸ்திவாரம் எலும்பு அல்ல. உண்மையைச் சொல்லப் பயப்படாத பிரிஜித்தம்மாளின் பிள்ளைகள் உண்மையைக் கேட்கவும் பயப்படலாகாது. இதே காரணத்தால் அந்தப் பதினைந்து செபங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்க அவை நல்லவை, வாசியுங்கள். ஆனால் அவற்றை அவரே எழுதினார் என்று நிச்சயமாகச் சொல்ல ஆதாரமில்லை. அவற்றோடு சேர்த்து அச்சிடப்படும் வாக்குறுதிகளின் தெய்வீக உற்பத்தி நிரூபிக்கப்படவில்லை என்று 1954-ல் உரோமையின் பரிசுத்த அலுவலகம் எச்சரித்திருக்கிறது. இத்தனை நாள் வாசித்தால் இத்தனை ஆத்துமம் மீளும் என்று கணக்குப் பார்ப்பது பக்தியல்ல.

மூடப்பட்ட கதவு மறுபடி திறந்தது. எலிசபெத் ஹெசல்பிளாத் என்னும் சுவீடியப் பெண், 1870-ல் லூத்தரன் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவில் நோயாளிகளுக்குப் பணிசெய்து, 1902-ல் கத்தோலிக்கரானார். கடும் நோயோடு உரோமைக்குப் போய், பிரிஜித்தம்மாள் மரித்த வீட்டிலேயே தங்கி, 1911-ல் அவருடைய சபையின் புதுக்கிளை ஒன்றை நிறுவினார். 1935-ல் பிரிஜித்தம்மாளின் கன்னியர் வாட்ஸ்தேனாவில் மறுபடியும் குடியேறினார்கள். 1937-ல் அச்சபை நம் அண்டை நாடாகிய கேரளத்திலுள்ள கோழிக்கோட்டுக்கும் வந்து வேரூன்றியது. எலிசபெத் அம்மையார் 1957-ல் மரித்தார். 2016-ல் அவரும் அர்ச்சியசிஷ்டப் பட்டம் பெற்றார். 1989-ல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் வாட்ஸ்தேனாவுக்கு யாத்திரையாகச் சென்றார். 1999-ல் பிரிஜித்தம்மாளை ஐரோப்பாவின் பாதுகாவலிகளில் ஒருவராக அறிவித்தார். 1991-ல் அவருடைய பட்டத்தின் அறுநூறாம் ஆண்டில், லூத்தரன் பேராயர்கள் உரோமைக்கு வந்து அர்ச். இராயப்பர் பேராலயத்தில் பாப்பரசரோடு செபித்தார்கள். பிரிந்த வீட்டாரை மறுபடியும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தியவர் இந்தத் தாய்.

பிரியமான பங்கு மக்களே, நம்முடைய ஊர்களில் கோவில் கட்டும்போது எதைப் பற்றி அதிகம் பேசுகிறோம்? கோபுரம் பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிட உயரமா, கல்லில் யார் பெயரைப் பொறிப்பது, நம் காலத்திலேயே முடியுமா என்பவற்றையே அல்லவா? பிரிஜித்தம்மாளுடைய கோவிலில் அவர் கோபுரம் கேட்கவில்லை. முடிவைப் பார்க்கவேண்டுமென்று பிடிவாதம் செய்யவுமில்லை. எளிமையாயும் தாழ்மையாயும் உறுதியாயும் இருக்கட்டும் என்றுமட்டுமே கேட்டார். நம் பிள்ளைகளை வளர்ப்பதும், குடும்பத்தில் செபத்தை நிலைநிறுத்துவதும் இப்படிப்பட்ட கட்டடவேலைதான். கூரை ஏறுவதை நாம் பார்க்காமலிருக்கலாம். அஸ்திவாரக் கல்லை நேராக வைப்போம். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

வருகிற திருநாளன்று கூடியவரையில் எல்லோரும் பூசைகண்டு, தேவ நற்கருணை உட்கொண்டு, வழிதவறிய பிள்ளைகளுக்காகவும் விதவைகளுக்காகவும் விசேஷமாய் வேண்டிக்கொள்ளுங்கள்.

அர்ச். பிரிஜித்தம்மாளே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

பங்குச் சுவாமியார்